அமெரிக்கா பப்ளிக் ஸ்கூல்ல கிஃப்டட் ப்ரோக்ராமுக்கு பிள்ளைங்கள எப்படி எடுக்குறாங்க? நம்ம அப்பா அம்மாங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

கிஃப்டட் ப்ரோக்ராம்னா ஸ்கூல்ல சாதாரணமா நடக்குற பாடம் பத்தாத பிள்ளைங்களுக்கு தனியா சொல்லிக்கொடுக்குற திட்டம். ரெண்டு பிள்ளைங்க, ரெண்டு டிஸ்ட்ரிக்ட் (ஒரு ஏரியாவோட பப்ளிக் ஸ்கூல்கள நடத்துற அமைப்பு), ரெண்டு விதமான ரூல்ஸ்னு நான் இத முழுசா பாத்துட்டேன். ஒவ்வொரு வருஷமும் ஸ்கூல் தொறந்து கொஞ்ச நாள்ல தெரிஞ்சவங்க போன் பண்ணி ஒரே கேள்விகளத்தான் கேக்குறாங்க, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடலாம்னு தோணுச்சு. பொறுமையா படிங்க, முக்கியமா ரெஃபரல் பத்தின பகுதியையும் பர்சென்டைல் பத்தின பகுதியையும் விட்டுடாதீங்க.

கிஃப்டட்னா எல்லா ஸ்டேட்லயும் ஒரே அர்த்தம்தானா?

கிடையாது. இதுதான் முதல்ல புரிஞ்சுக்க வேண்டிய விஷயம். கிஃப்டட் பிள்ளைங்கள கண்டுபிடிச்சு தனியா சொல்லிக்கொடுத்தே ஆகணும்னு ஸ்கூல்கள கட்டாயப்படுத்துற ஃபெடரல் சட்டம் எதுவும் இல்ல. 1972ல மார்லண்ட் ரிப்போர்ட்னு ஒண்ணு வந்து கிஃப்டட்னா யாருன்னு ஒரு விளக்கம் குடுத்தாங்க, 1988ல ஜாவிட்ஸ் சட்டம் வந்துச்சு, ஆனா அது ஆராய்ச்சிக்கும் முன்மாதிரி திட்டங்களுக்கும் கிராண்ட் குடுக்குற சட்டம், உங்க பிள்ளையோட ஸ்கூல்ல என்ன நடக்கணும்னு அது சொல்லாது. அத ஸ்டேட் முடிவு பண்ணும், பல ஸ்டேட்ல டிஸ்ட்ரிக்ட் முடிவு பண்ணும். பேரே இடத்துக்கு இடம் மாறும், கலிஃபோர்னியால கேட்னு சொல்வாங்க, டெக்சஸ்ல ஜிடி, நார்த் கரோலினால ஏஐஜி, வாஷிங்டன் ஸ்டேட்ல ஹைலி கேப்பபிள், வர்ஜீனியால ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டில ஏஏபி. அதனால டாலஸ்ல இருக்குற மச்சான் சொன்ன கட்-ஆஃப்ப வச்சு நியூஜெர்சில உங்க பிள்ளைக்கு கணக்கு போடாதீங்க, ரெண்டுக்கும் சம்பந்தமே இருக்காது.

செலக்‌ஷன் எந்த வரிசையில நடக்கும்?

பொதுவா முதல்ல ஒரு லிஸ்ட் தயாராகும், யாரையெல்லாம் பாக்கணும்னு. அப்புறம் டெஸ்ட், அதோட டீச்சர் எழுதுற ரேட்டிங், மார்க், சில இடத்துல பிள்ளை பண்ணின வேலைகளோட போர்ட்ஃபோலியோ, எல்லாத்தையும் ஒரு கமிட்டி பாத்து முடிவு பண்ணி லெட்டர் அனுப்பும்.

எல்லாரும் டெஸ்ட்டப் பத்தியே கவலப்படுறாங்க. ஆனா என் அனுபவத்துல நிறைய பிள்ளைங்க கோட்டை விடுறது டெஸ்ட்ல இல்ல, அதுக்கு முன்னாடி அந்த லிஸ்ட்ல. லிஸ்ட் ரெண்டு விதமா தயாராகும். ஒண்ணு யூனிவர்சல் ஸ்க்ரீனிங், அதாவது ஒரு கிரேடுல இருக்குற எல்லா பிள்ளைங்களுக்கும் ஒரு சின்ன டெஸ்ட் வச்சுடுவாங்க, பெரும்பாலும் ரெண்டாம் கிரேடுலயோ மூணாம் கிரேடுலயோ. இன்னொண்ணு ரெஃபரல், அதாவது டீச்சரோ பேரன்ட்டோ பேர் குடுத்தாத்தான் டெஸ்ட்டே.

இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெருசுன்னு ஃப்ளோரிடால நடந்த ஒரு விஷயம் நல்லா காட்டும். அங்க ஒரு பெரிய டிஸ்ட்ரிக்ட் 2005 வாக்குல ரெண்டாம் கிரேடு பிள்ளைங்க எல்லாருக்கும் ஸ்க்ரீனிங் டெஸ்ட் வச்சாங்க. அத டேவிட் கார்ட், லாரா ஜூலியானோன்னு ரெண்டு எக்கனாமிஸ்ட் ஆராய்ச்சி பண்ணி 2016ல பப்ளிஷ் பண்ணாங்க. கட்-ஆஃப்ப கொஞ்சம்கூட கொறைக்காமலே, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைங்களும் கருப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைங்களும் கிஃப்டட்ல சேர்ற எண்ணிக்கை நல்லா கூடிடுச்சு. அந்தப் பிள்ளைங்க முன்னாடியும் அதே ஸ்கூல்லதான் உக்காந்திருந்தாங்க, யாரும் பேர் குடுக்கல, அவ்வளவுதான். 2016லயே ஜேசன் கிரிஸம், கிறிஸ்டஃபர் ரெடிங்னு ரெண்டு பேர் பண்ணின இன்னொரு ஆராய்ச்சில ஒரே மாதிரி ஸ்கோர் இருந்தும் கருப்பினப் பிள்ளைங்க வெள்ளைக்காரப் பிள்ளைங்கள விட கம்மியாத்தான் கிஃப்டட்ல சேர்க்கப்படுறாங்கன்னு தெரிய வந்துச்சு, அதுலயும் டீச்சர் யாருங்கறதப் பொறுத்து வித்தியாசம் வந்துச்சு. நல்ல டீச்சருக்கும் எல்லாப் பிள்ளையும் கண்ணுல படாது, அதனாலதான் எல்லாருக்கும் ஸ்க்ரீனிங் வைக்கணும்னு நான் போற மீட்டிங் எல்லாத்துலயும் சொல்றேன். ஒஹையோல கிரேடு முழுக்க ஸ்க்ரீன் பண்ணணும்னு ரூல் இருக்கு, வாஷிங்டன் ஸ்டேட் 2023ல சட்டமே போட்டாங்க.

என் பெரியவ விஷயத்துல என்ன ஆச்சுன்னா, அந்த டிஸ்ட்ரிக்ட்ல ரெஃபரல் முறை. பேரன்ட்டும் பேர் குடுக்கலாம்னு எனக்குத் தெரியவே தெரியாது, டீச்சர் பாத்துப்பாங்கன்னு இருந்துட்டேன், அவ கிளாஸ்ல வாயத் தொறக்க மாட்டா, டீச்சர் பேர் குடுக்கல. ஃபார்ம் குடுக்குற கடைசி தேதி முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு பிள்ளையோட அம்மா சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது. அப்புறம் நாங்க வீடு மாறினோம், புது டிஸ்ட்ரிக்ட்ல எல்லாருக்கும் ஸ்க்ரீனிங், நாலாம் கிரேடுல எடுத்துட்டாங்க. பிள்ளை அதே பிள்ளைதான்.

அப்போ நான் இப்ப என்ன பண்ணணும்?

டிஸ்ட்ரிக்ட் வெப்சைட்டுக்குப் போய் கிஃப்டட் ஐடென்டிஃபிகேஷன்னு தேடுங்க. நியூஜெர்சில 2020 சட்டப்படி எப்படி எடுக்குறாங்கன்ற விவரத்த வெப்சைட்ல போட்டே ஆகணும். மத்த இடத்துல கெடைக்கலன்னா கிஃப்டட் கோஆர்டினேட்டருக்கு ஈமெயில் போட்டு மூணே விஷயம் கேளுங்க: எந்த கிரேடுல எல்லாருக்கும் ஸ்க்ரீனிங் இருக்கு, பேரன்ட் ரெஃபரலுக்கு கடைசி தேதி என்ன, எந்தெந்த டெஸ்ட்ட ஏத்துக்குறீங்க. வாயால கேக்காதீங்க, எழுத்துல கேளுங்க. பென்சில்வேனியால கிஃப்டட் எவால்யுவேஷன் வேணும்னு எழுதிக் கேட்டு, அவங்க அனுப்புற சம்மதப் படிவத்துல நீங்க கையெழுத்து போட்டுக் குடுத்துட்டா 60 நாளுக்குள்ள முடிக்கணும்னு ரூல் இருக்கு, லீவு மாசம் கணக்குல வராது.

என்னென்ன டெஸ்ட் வைப்பாங்க?

அதிகமா கேள்விப்படப்போறது காக்அட். இதுல மூணு பகுதி, வெர்பல் (வார்த்தை), குவான்டிடேடிவ் (எண்), நான்வெர்பல் (வடிவம்), ஒவ்வொண்ணுலயும் மூணு சின்ன டெஸ்ட், மொத்தம் ஒம்போது. கிண்டர்கார்டன்லேர்ந்து ரெண்டாம் கிரேடு வரைக்கும் உள்ள லெவல்ல பெரும்பாலும் படம்தான், படிக்கத் தெரியணும்னு அவசியம் இல்ல, டீச்சர் ஒவ்வொரு கேள்வியா வாசிச்சு நடத்துவாங்க. அடுத்தது என்என்ஏடி, வெறும் வடிவங்கள் மட்டும், வார்த்தையே கிடையாது. ஒல்சாட்னு ஒண்ணு இருக்கு. விஸ்க், ஸ்டான்ஃபோர்ட் பினே ரெண்டும் வேற ரகம், சைக்காலஜிஸ்ட் ஒருத்தர் உங்க பிள்ளையோட தனியா உக்காந்து நடத்துவாங்க. இதெல்லாம் யோசிக்கிற திறனுக்கு. இது கூடவே மேப், அயோவா மாதிரி படிச்சத அளக்குற டெஸ்ட் ஸ்கோரும் நிறைய இடத்துல சேத்துப்பாங்க.

காக்அட் ரிப்போர்ட்ல ஏ, பி, சி, இ-ன்னு ஒரு எழுத்து வரும், பல பேர் அத கிரேடுன்னு நெனச்சு பயந்துடுறாங்க. அது கிரேடு இல்லங்க. ஏ-ன்னா மூணு பகுதியும் ஏறக்குறைய ஒரே உயரம், பி-ன்னா ஒண்ணு மட்டும் ஏறியோ எறங்கியோ இருக்கு, சி-ன்னா ஒண்ணு தெளிவா பலம் ஒண்ணு தெளிவா பலவீனம், இ-ன்னா அந்த வித்தியாசம் ரொம்பவே அதிகம். கணக்குல பறந்துட்டு வெர்பல்ல நடுவுல நிக்கிற பிள்ளைக்கு காம்போசிட், அதாவது மூணு பகுதியும் சேத்த ஸ்கோர் பாத்தா சுமாராத்தான் தெரியும், ஆனா கணக்குக்கு மட்டும் தனி கிளாஸ் இருக்குற டிஸ்ட்ரிக்ட்ல அந்தப் பிள்ளைக்கு எடம் உண்டு. அதனால மொத்த ஸ்கோர மட்டும் பாத்துட்டு பேப்பர மூடி வைக்காதீங்க.

92 பர்சென்டைல் வந்திருக்கு, 92 மார்க் எடுத்தும் ஏன் செலக்ட் ஆகல?

92 பர்சென்டைல்னா 92 மார்க் இல்ல. நூறு பிள்ளைங்கள வரிசையா நிக்க வச்சா உங்க பிள்ளை சுமார் 92 பேருக்கு மேல இருக்குன்னு அர்த்தம், எத்தன கேள்வி சரியா போட்டாங்கங்கறது வேற கணக்கு. அந்த நூறு பேர் யாருன்னு அடுத்து கேக்கணும். காக்அட்ல வயசு வச்சு பாக்குற பர்சென்டைல் உண்டு, கிரேடு வச்சு பாக்குறதும் உண்டு. வயசு வச்சு பாக்கும்போது மாசக் கணக்குல அதே வயசு பிள்ளைங்களோட ஒப்பிடுவாங்க, அதனால கிளாஸ்லயே சின்னப் பிள்ளைக்கு அதுல அநியாயம் நடக்காது. அதே மாதிரி தேசிய அளவுல ஒப்பிடுறது ஒண்ணு, லோக்கல் நார்ம்னு சொல்லி அந்த டிஸ்ட்ரிக்ட்டுக்குள்ளயோ அந்த ஸ்கூலுக்குள்ளயோ ஒப்பிடுறது ஒண்ணு. எல்லாரும் நல்லா படிக்கிற ஏரியால தேசிய அளவுல 95 வந்த பிள்ளைக்கு லோக்கல்ல 80 மட்டும்கூட வரலாம். இது நம்மாளுங்களுக்கு கோவம் வர்ற இடம்னு தெரியும், எனக்கும் முதல்ல வந்துச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க, அந்த ஸ்கூல்ல சாதாரணமா நடக்குற பாடம் யாருக்குப் பத்தலையோ அவங்களக் கண்டுபிடிக்கத்தான் இந்த ப்ரோக்ராம், அப்படிப் பாத்தா அதே ஸ்கூல் பிள்ளைங்களோட ஒப்பிடுறதுதான் சரின்னு எனக்கு இப்ப தோணுது.

இன்னொண்ணு, விஸ்க்ல 130னா சராசரியான 100லேர்ந்து ரெண்டு ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (ஸ்கோர்கள் சராசரியிலேர்ந்து பொதுவா எவ்வளவு வெலகுதுங்கற அளவு) மேல, அது 98ஆவது பர்சென்டைல் கிட்ட வரும். காக்அட்ல அதே எடத்துக்கு 132 வேணும், ஏன்னா அங்க ஒரு டீவியேஷன் 16, விஸ்க்ல 15. அதனால ரெண்டு பிள்ளைங்களோட நம்பர பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடாதீங்க. எந்த டெஸ்ட்லயும் ஸ்கோர் நாலஞ்சு பாயின்ட் அங்க இங்க ஆடும், தூக்கம் சரியில்லன்னா இன்னும் ஆடும். சின்ன வயசுல அதிகமாவே ஆடும், நாலு வயசுல வந்த ஸ்கோர் எட்டு வயசுல அப்படியே இருக்கும்னு நம்ப முடியாது.

கட்-ஆஃப் எவ்வளவுன்னு நேரா சொல்லுங்களேன்?

ஊருக்கு ஊர் வேறன்னு சொன்னேன்ல. சில உதாரணம் தர்றேன். ஃப்ளோரிடால ரொம்ப காலமா இருக்குற முறைல ரெண்டு டீவியேஷன் மேல, அதாவது 130, அதோட குணங்கள் செக்லிஸ்ட், ஸ்பெஷல் ப்ரோக்ராம் தேவைன்ற ஆதாரம், மூணும் வேணும், இங்கிலீஷ் கத்துக்குற பிள்ளைங்களுக்கும் வருமானம் கம்மியா இருக்குற வீட்டுப் பிள்ளைங்களுக்கும் டிஸ்ட்ரிக்ட் வேற ப்ளான் வச்சுக்கலாம். ஜார்ஜியால ரெண்டு வழி, ஒண்ணு மென்டல் எபிலிட்டியும் அச்சீவ்மென்ட்டும் ரொம்ப ஒசரத்துல இருக்கணும், இல்லன்னா எபிலிட்டி, அச்சீவ்மென்ட், கிரியேட்டிவிட்டி, மோட்டிவேஷன்னு நாலுல மூணு தேறணும். பென்சில்வேனியால ஐக்யூ 130 இல்லாட்டியும் மத்த ஆதாரம் பலமா இருந்தா எடுக்கலாம்னு ரூல்லயே இருக்கு. டெக்சஸ்ல ஸ்டேட் முழுக்க ஒரே நம்பர்னு கிடையாது, ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டும் பலவிதமான ஆதாரத்த வச்சு முடிவெடுக்கும்.

என் பிள்ளை கிளாஸ்ல பேசவே மாட்டான், டீச்சர் ரேட்டிங் பாதிக்குமா?

பாதிக்கும், பொய் சொல்ல விரும்பல. அந்த செக்லிஸ்ட்ல நிறைய கேள்வி கேக்குறானா, சொந்தமா யோசனை சொல்றானா, தப்புன்னு தோணினா மறுத்துப் பேசுறானா, இந்த மாதிரிதான் இருக்கும். நம்ம வீட்ல என்ன சொல்லி அனுப்புறோம்? டீச்சர எதுத்துப் பேசாத, கேட்டா மட்டும் சொல்லு, கம்முனு உக்காரு. பிள்ளை நாம சொன்னத ஒழுங்கா கேட்டு நடந்து, அதனாலயே அந்த கட்டம் எல்லாம் காலியா போகுது. இது எனக்கு மனச அறுக்குற விஷயம், ஏன்னா நானே என் மகளுக்கு அப்படித்தான் சொல்லி அனுப்பினேன்.

கேள்வி கேக்குறது மரியாதைக் குறைவு இல்லன்னு பிள்ளைக்குச் சொல்லுங்க, டெஸ்ட் இருக்கோ இல்லையோ அது தேவை. அப்புறம் வீட்ல என்ன பண்றான்னு டீச்சருக்கு தெரியப்படுத்துங்க. பேரன்ட் ஃபார்ம்ல ரொம்ப ஸ்மார்ட், எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட்னு எழுதினா யாருக்கும் ஒண்ணும் புரியாது. ஆறு வயசுல பஸ் ரூட் மேப்ப மனப்பாடமா வரைஞ்சு, ரெண்டு ரூட்ட சேத்தா நேரம் மிச்சமாகும்னு கணக்கு போட்டான்னு எழுதுங்க, தேதியோட, அந்தப் பேப்பரோட ஃபோட்டோவோட. என் சின்னவனுக்கு நான் அப்படித்தான் எழுதினேன், கோஆர்டினேட்டர் அதப் பத்தியே பத்து நிமிஷம் பேசினாங்க.

வீட்ல தமிழ் பேசுறோம், அதனால டெஸ்ட்ல அடி வாங்குமா? இங்கிலீஷுக்கு மாறிடலாமா?

தயவுசெஞ்சு மாறாதீங்க. இங்கிலீஷ் இன்னும் முழுசா பிடிபடாத பிள்ளைக்கு வெர்பல் பகுதி மட்டும் கொஞ்சம் கொறையலாம், அது அறிவு கொறஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. நான்வெர்பல் டெஸ்ட் கேளுங்க, வெர்பல் இல்லாம பார்ஷியல் காம்போசிட் பாப்பீங்களான்னு கேளுங்க, பல டிஸ்ட்ரிக்ட்ல ஒத்துக்குவாங்க. தமிழ்ல கதை கேட்டு வளர்ற பிள்ளைக்கு யோசிக்கிற பழக்கம் தமிழ்லயே வருது, இங்கிலீஷ் ஸ்கூல்ல எப்படியும் வந்துடும், விட்ட தமிழ் திரும்ப வர்றதுதான் கஷ்டம்.

கோச்சிங் சேக்கலாமா?

டெஸ்ட் கேள்வி எப்படி இருக்கும்னே தெரியாம போய் உக்காந்தா பிள்ளை மெரண்டுடும், அதனால மாதிரிக் கேள்விய ரெண்டு மூணு தடவ வீட்ல விளையாட்டா போட்டுப் பாக்குறது நியாயம், சில ஸ்கூல்ல அவங்களே ப்ராக்டிஸ் குடுக்குறாங்க. ஆனா அஞ்சு வயசுப் பிள்ளைய மாசக்கணக்கா பேப்பர மடிச்சு ஓட்ட போட்டா விரிச்சதும் எப்படி இருக்கும்ங்கற மாதிரி கேள்விக்கு ட்ரில் பண்றது எனக்கு ஒப்பல. அந்த டெஸ்ட் புது விஷயத்தப் பாத்து பிள்ளை எப்படி யோசிக்குதுன்னு அளக்கத்தான் இருக்கு, எல்லாத்தையும் முன்னாடியே பாத்துட்டுப் போனா அது வேற எதையோ அளக்கும். அதோட, காசு இருக்குறவங்க பிள்ளை ட்ரில் பண்ணி உள்ள போனா, லோக்கல் நார்ம் வச்சு பாக்குற இடத்துல காசு இல்லாத வீட்டுப் பிள்ளையோட பர்சென்டைல் கீழ போகுது, வரிசைன்னா அப்படித்தானே. இத நாம யோசிக்கணும். அந்த நேரத்துல புதிர், செஸ், நிறைய கதை, நிறைய பேச்சு, இது போதும்.

வெளிய சைக்காலஜிஸ்ட்கிட்ட காசு குடுத்து டெஸ்ட் எடுக்கலாமா?

முதல்ல டிஸ்ட்ரிக்ட் அத ஏத்துக்குமான்னு எழுத்துல வாங்குங்க. பல இடத்துல ஏத்துக்க மாட்டாங்க, சில இடத்துல அப்பீலுக்கு மட்டும் ஏத்துக்குவாங்க. பல நூறு டாலர் செலவாகும். அப்புறம் ஒரே டெஸ்ட்ட கொஞ்ச நாள் இடைவெளில ரெண்டாவது தடவ வச்சா ஸ்கோர் செல்லாது, அதனால ஸ்கூல்ல என்ன டெஸ்ட் வைக்கப்போறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு பண்ணுங்க.

குலுக்கல்ல எடுக்குறாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

சில இடத்துல உண்மை. மேரிலாண்ட்ல மான்ட்கோமரி கவுன்டில தகுதி வந்த பிள்ளைங்கள ஒரு குழுவா சேத்து அதுலேர்ந்து லாட்டரி முறைல எடம் குடுக்க ஆரம்பிச்சாங்க. நியூயார்க் சிட்டி கதை இன்னும் பெருசு. அங்க நாலு வயசுப் பிள்ளைங்களுக்கு டெஸ்ட் வச்சு கிண்டர்கார்டனுக்கு எடுத்துட்டு இருந்தாங்க, டிஸ்ட்ரிக்ட் ப்ரோக்ராமுக்கு 90, சிட்டி முழுக்க உள்ள ப்ரோக்ராமுக்கு 97 பர்சென்டைல், அந்த 97ம் பத்தாம பல பேர் வெளிய நின்னாங்க. 2021ல அந்த டெஸ்ட்டுக்கான கான்ட்ராக்ட்ட கல்வி பேனல் ஒத்துக்கல, அதோட டெஸ்ட் நின்னுபோய் ப்ரீகே (கிண்டர்கார்டனுக்கு முந்தின கிளாஸ்) டீச்சர் பேர் குடுக்குறதும் லாட்டரியும் வந்துச்சு. மேயர் டி பிளாசியோ ப்ரோக்ராமையே மொத்தமா நிறுத்திடறேன்னார், அடுத்து வந்த மேயர் ஆடம்ஸ் 2022ல நிறுத்த வேண்டாம்னு சொல்லி மூணாம் கிரேடுல புதுசா 1,000 சீட் சேத்தார், அது ஒவ்வொரு ஸ்கூல்லயும் மார்க்ல மேல இருக்குற பிள்ளைங்களுக்கு. மேயர் மாறினா ரூல் மாறுது, பாருங்க. அதனால மூணு வருஷம் முன்னாடி பெரிய பிள்ளைக்கு நடந்தத வச்சு சின்னதுக்கு திட்டம் போடாதீங்க. குலுக்கல்ல விழலன்னா உங்க பிள்ளை தகுதி இல்லன்னு அர்த்தமே கிடையாது, எடம் பத்தல.

பிள்ளைக்கு ஏடிஹெச்டியோ (கவனம் செதறுறது) டிஸ்லெக்சியாவோ (வாசிக்கிறதுல சிரமம்) இருக்கு. கிஃப்டட்டுக்கு கேக்கலாமா?

தாராளமா கேளுங்க. அதிக அறிவும் இந்த மாதிரி ஒரு கஷ்டமும் சேர்ந்து இருக்குற பிள்ளைங்கள ட்வைஸ் எக்ஸெப்ஷனல்னு சொல்வாங்க. சிக்கல் என்னன்னா, அறிவு கஷ்டத்த மறைக்கும், கஷ்டம் அறிவ மறைக்கும், ரெண்டும் சேந்து பிள்ளை சராசரியா தெரியும், யாரும் கண்டுக்க மாட்டாங்க. 504 ப்ளானோ ஐஇபியோ (இந்த மாதிரி கஷ்டம் உள்ள பிள்ளைக்கு ஸ்கூல் எழுதித் தர்ற உதவித் திட்டங்கள்) இருந்தா அதுல உள்ள வசதிகள், கூடுதல் நேரமோ தனி ரூமோ எதுவோ, கிஃப்டட் டெஸ்ட்டுக்கும் கிடைக்குமான்னு முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. விஸ்க் மாதிரி டெஸ்ட்ல வேகமும் ஞாபக சக்தியும் மொத்த ஸ்கோர கீழ இழுத்துச்சுன்னா ஜிஏஐன்னு இன்னொரு ஸ்கோர் உண்டு, அந்த ரெண்டையும் ஒதுக்கிட்டு யோசிக்கிற பகுதிய மட்டும் வச்சு போடுறது. அத ஏத்துப்பீங்களான்னு கேளுங்க.

செலக்ட் ஆகலன்னு லெட்டர் வந்துடுச்சு. இப்ப?

அப்பீல் தேதிய முதல்ல பாருங்க, கொஞ்ச நாள்தான் குடுப்பாங்க. அப்பீல் எழுதுறதுக்கு முன்னாடி பிள்ளையோட ஃபைல கேளுங்க, ஸ்கோர், ரேட்டிங், கமிட்டி குறிப்பு எல்லாம். 1974 ஃபெர்பா சட்டப்படி உங்க பிள்ளையோட ரெக்கார்டுகள பாக்க உங்களுக்கு உரிமை இருக்கு, 45 நாளுக்குள்ள காட்டணும், ஆனா அப்பீல் தேதி அதுக்கு முன்னாடி வந்துடும்னா ஈமெயில்ல அத சொல்லி சீக்கிரம் கேளுங்க. ஃபைல பாத்தாத்தான் எங்க விட்டுப்போச்சுன்னு தெரியும், டெஸ்ட்லயா, ரேட்டிங்லயா, இல்ல உங்க ஃபார்மே போய்ச் சேரலையா, அதுவும் நடந்திருக்கு. அப்பீல்ல புது ஆதாரம் இருக்கணும், கோவத்த மட்டும் கொட்டினா எடுபடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை செலக்ட் ஆச்சுன்னு எழுதவே எழுதாதீங்க.

அப்பீலும் ஆகலன்னா அடுத்த வருஷம் திரும்ப பாக்க முடியும், பெரும்பாலான இடத்துல. அதுக்குள்ள கிஃப்டட் இல்லாமலே கணக்குல மேல போக முடியுமான்னு கேளுங்க, இல்லினாய்ஸ்ல ஆக்சலரேட்டட் ப்ளேஸ்மென்ட் (தகுதி உள்ள பிள்ளைய மேல் லெவல் பாடத்துக்கு அனுப்புறது) சட்டம் 2018லேர்ந்து இருக்கு, கிஃப்டட் லேபிள் இல்லாத பிள்ளைக்கும் அது பொருந்தும்.

பிள்ளைகிட்ட என்ன சொல்றது?

ரிசல்ட்ட வீட்ல பெருசா பேசாதீங்க, வந்தாலும் சரி வரலன்னாலும் சரி. ஊருக்குப் போன் போட்டு தாத்தா பாட்டிகிட்ட சொல்றத பிள்ளை அடுத்த ரூம்லேர்ந்து கேட்டுட்டுத்தான் இருக்கும். அண்ணனுக்கு வந்து தங்கச்சிக்கு வரலன்னா இன்னும் ஜாக்கிரதை. என் பெரியவ ரெண்டாம் கிரேடுல, ஃப்ரெண்டு எல்லாம் செவ்வாக்கிழமை வேற ரூமுக்குப் போறாங்க, நான் ஏன் போகலன்னு கேட்டா. அது நீ செய்ற தப்பு இல்லடா, ஒரு பேப்பர் குடுக்கணும்னு அப்பாவுக்குத் தெரியாமப் போச்சுன்னு உண்மையச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, அடுத்த வருஷம் காலண்டர்ல எழுதி வச்சுக்கோன்னா.

வேற டிஸ்ட்ரிக்ட்டுக்கு மாறினா இந்த அந்தஸ்து கூட வருமா?

பெரும்பாலும் வராது, திரும்ப பாப்பாங்க. ஆனா பழைய ஸ்கோர் ரிப்போர்ட், செலக்‌ஷன் லெட்டர், டீச்சர் ரேட்டிங் காப்பி எல்லாத்தையும் வீடு காலி பண்றதுக்கு முன்னாடியே ஸ்கூல்லேர்ந்து கையில வாங்கிடுங்க. ஸ்கூல் ஸ்கூலுக்கு அனுப்பும்னு நம்பி இருந்தா சில சமயம் மாசக்கணக்காகும், அதுக்குள்ள அங்க ரெஃபரல் தேதி போயிடும். புது ஸ்கூல்ல சேக்குற அன்னிக்கே அந்த காப்பிய குடுத்து, வருஷ நடுவுல வந்த பிள்ளைங்கள எப்போ பாப்பீங்கன்னு கேட்டு பதில ஈமெயில்ல வாங்கிக்கோங்க.